மலை ஊர்களில் ஏசிக்கு கேஸ் ஏற்றும் வேலை: புதிதாக வருபவர்களுக்கு

பத்துப் பதினைந்து வருடம் முன்பு குன்னூரில் ஏசி மெக்கானிக் என்று சொன்னால், "ஸ்வெட்டர் போடுற ஊர்ல உனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்பார்கள். இன்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி காட்டேஜ்களிலும் வயதானவர்கள் இருக்கும் வீடுகளிலும் குளிர், சூடு இரண்டும் தரும் ஹாட் அண்ட் கோல்டு ஏசி வந்துவிட்டது. கூடலூர் பக்கம் இறங்கினால் மார்ச், ஏப்ரல் வெயிலுக்குச் சாதாரண ஏசியே ஓடுகிறது. வேலை இருக்கிறது. வேலைக்கு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பலர் ஐ.டி.ஐ.யில் 2 வருடம் படித்து, கோவையிலோ திருப்பூரிலோ ஒருவரிடம் கைப்பழக்கம் பெற்றபின் மலையேறுகிறார்கள். அங்கே கற்றது வீண் போகாது. ஆனால் அங்கே கண்ணுக்குப் பழகிய, கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளின் இடம் இங்கே கைகொடுக்காது. அதனால் கெட்டுப்போன ஏசிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்றைக் கெடுத்தவனே நான்தான்.

தொழிலுக்கு வந்த புதிது. டிசம்பர் மாதம், குன்னூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீடு. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி, ஆர் 32 கேஸ். வருடாந்திர சர்வீஸுக்குத்தான் கூப்பிட்டிருந்தார். வெளியே 11 டிகிரி. கூலிங்கில் போட்டுக் கேஜ் மாட்டினேன். முள் 90 பி.எஸ்.ஐ.யில் (அழுத்தத்தின் அளவு) நின்றது, உள்ளே காயிலில் வெள்ளையாக ஐஸ் படர்ந்தது. ஆர் 32 என்றால் 120 இருக்க வேண்டும் என்று மனப்பாடம். கேஸ் குறைவு என்று முடிவு கட்டி, முள் 120-க்கு வரும்வரை ஏற்றிவிட்டு வந்தேன். ஜனவரியில் உறைபனி விழுந்த வாரத்தில் போன் வந்தது: "நீ வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் தம்பி இது கெட்டுச்சு. பத்து நிமிஷம் சூடு வருது, அப்புறம் நின்னுடுது." கேஸை இறக்கி எடைபோட்டேன். 1 கிலோ 180 கிராம். அவுட்டோர் தகட்டில் எழுதியிருந்தது 800 கிராம். அந்த ஏசியில் முதலில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை. வெளியே குளிராக இருந்தது, ஃபில்டரில் தூசி அடைத்திருந்தது, அவ்வளவுதான்.

முள் ஏன் இங்கே குழப்புகிறது?

சமவெளியில் சொல்லித் தரும் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: ஓடும்போது, கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் சக்‌ஷன் பக்கம் ஆர் 22-க்கு 60 முதல் 70 பி.எஸ்.ஐ., ஆர் 410ஏ-வுக்கும் ஆர் 32-க்கும் 115 முதல் 130. அது வெளியே 35 டிகிரி, அறைக்குள் 27 டிகிரி இருக்கும் ஊருக்கான கணக்கு. வெளியே 12 டிகிரி இருந்தால் அவுட்டோர் பெட்டியில் உள்ள கண்டென்சர் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும். ஹெட் பிரஷர், அதாவது கம்ப்ரசர் தள்ளும் பக்கத்து அழுத்தம், விழும், திரவம் அவுட்டோரிலேயே தங்கும், சக்‌ஷனும் கூடவே இறங்கும். குன்னூரில் ஆர் 32 ஓடும் ஏசியில் 90 பி.எஸ்.ஐ. என்றால் காயிலுக்குள் ஏறக்குறைய மைனஸ் 5 டிகிரி. ஐஸ் கட்டத்தான் செய்யும். கேஸ் அளவு சரியாக இருந்தாலும் கட்டும்.

ஏசி நிற்கும்போது காட்டும் பிரஷரும் இப்படித்தான். ஆர் 32 நின்ற நிலையில் 25 டிகிரியில் சுமார் 230 பி.எஸ்.ஐ., 10 டிகிரியில் சுமார் 150. மதியம் பார்த்ததும் மறுநாள் காலை பார்த்ததும் வித்தியாசப்பட்டால் லீக் என்று பதற வேண்டாம். அதோடு, வெப்பம் மாறாமல் இருந்தால், உள்ளே துளித் திரவம் மிச்சம் இருக்கும்வரை அந்த எண் மாறவே மாறாது. பாதி கேஸ் போன ஏசியும் முழுக் கேஸ் உள்ள ஏசியும் நின்ற நிலையில் ஒரே அளவைக் காட்டும். ஆகவே அதை வைத்து அளவு சொல்ல முடியாது.

உயரம் இன்னொரு விஷயம். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது 11.2 அளவில்தான். அதனால் அதே கேஸ், அதே வெப்பத்தில், ஊட்டியில் கேஜ் மூன்றரை பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். ஆர் 32-ன் 120-க்கு முன்னால் இது பெரிய விஷயமில்லை. வேக்கம் போடும்போதுதான், அதாவது குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்கும்போதுதான், இந்த உயரம் ஆளைச் சுற்றலில் விடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இத்தனையும் சேர்ந்து ஒரே முடிவுக்குத்தான் கொண்டுபோகும்: மலையில் கேஸை முள்ளால் அளக்க முடியாது. கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். சிலிண்டருக்கு முன்னால் தராசை வாங்குங்கள்.

கேஜ் மாட்டுவதற்கு முன்

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்றுதான் வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. வருடா வருடம் டாப் அப் செய்துவிட்டுப் போவது வீட்டுக்காரர் பணத்தைக் காற்றில் விடுவதற்குச் சமம்.

முதலில் கண்ணால் பாருங்கள். ஃபில்டர், இன்டோர் காயில், ப்ளோயர் வீல். இங்கே மூடுபனி ஈரத்தில் ப்ளோயரில் கருப்பாகப் பூசணம் படியும், காற்று பாதியாகும், ஐஸ் கட்டும். கழுவினாலே பாதிப் புகார் தீரும். அவுட்டோரில் சில்வர் ஓக் இலை அடைத்திருக்கிறதா, குரங்கு பைப்பின் கருப்பு இன்சுலேஷனைப் பிய்த்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விரித்த பைப் முனையை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் இருக்கும் இடங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், விரலால் தொட்டு வழவழப்பாக இருந்தால், லீக் அநேகமாக அங்கேதான்.

ஓட்டிப் பார்ப்பதிலும் இங்கே ஒரு சிக்கல். ரிமோட்டில் பெரும்பாலும் 16 டிகிரிக்குக் கீழே போகாது. ஊட்டியில் அறையே 16-ல் இருக்கும். கம்ப்ரசர் ஓடாது. மெஷின் கெட்டுவிட்டது என்று போர்டைக் கழற்றிய பையனைப் பார்த்திருக்கிறேன். இன்டோர் மூடிக்குள் ஒரு சின்ன எமர்ஜென்சி பட்டன் இருக்கும். பல மாடல்களில் அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் கட்டாயக் கூலிங் ஓடும். எத்தனை விநாடி என்பது அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஹாட் அண்ட் கோல்டு என்றால் இன்னும் நல்ல வழி: முதலில் ஹீட்டிங்கில் போட்டு அறையை 25 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். பிறகு கூலிங்குக்கு மாற்றிச் சோதியுங்கள். நிஜமான சுமை கிடைக்கும்.

கரண்ட் பக்கம் சுருக்கமாக: எம்.சி.பி.யை இறக்குங்கள், இன்வெர்ட்டர் அவுட்டோர் என்றால் பத்து நிமிடம் காத்திருங்கள். போர்டில் உள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

நெருப்பு

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஆர் 32 மெல்ல எரியக்கூடிய கேஸ். ஆர் 290 என்பது புரொப்பேன், அடுப்பு கேஸுக்கு உடன்பிறப்பு. இரண்டும் காற்றைவிட கனம், தரையோரம் தேங்கும். மலை வீடுகளில் குளிருக்குக் கரி கணப்பு வைத்து, ஜன்னலை அடைத்து உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போனதும் கணப்பை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். "குளிருதே தம்பி" என்பார்கள். அரை மணி நேரம் பக்கத்து அறையில் இருக்கச் சொல்லுங்கள். ஆர் 22, ஆர் 410ஏ எரியாது. ஆனால் நெருப்பில் பட்டால் விஷப் புகையாக மாறும். ஆகவே எந்தக் கேஸாக இருந்தாலும் பக்கத்தில் பீடி, சிகரெட், டார்ச் கூடாது. ஆர் 290 ஏசியைத் தனிப் பயிற்சி இல்லாமல் திறக்கவே திறக்காதீர்கள்.

கேஸை இறக்குவது

லீக் உறுதி என்றால், மிச்சம் இருக்கும் கேஸை ரெக்கவரி மெஷின் வைத்துத் தனிச் சிலிண்டரில் எடுத்து எடைபோடுங்கள். அந்த எடையே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடும். மெஷின் ஆர் 32-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு சிலிண்டரில் ஒரு கேஸ்தான். காற்றில் திறந்துவிடுவது பழைய பழக்கம். ஆர் 22 ஓசோனை அரிக்கும். ஆர் 410ஏ ஒரு கிலோ வெளியேறினால் பூமியைச் சூடாக்குவதில் அது 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல், ஆர் 32 ஆனால் சுமார் 675 கிலோவுக்கு, சமம். பருவமழை தப்பினால் நேரடியாக அடிபடுவது நம் ஊர்தான். நாமே அதைச் செய்யக் கூடாது.

வீடு மாற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் அடைக்கும் பம்ப் டவுன் வேறு. கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய பைப் வால்வை மூடி, கேஸ் அவுட்டோருக்குள் வந்ததும் தடித்த பைப் வால்வை மூடி, உடனே நிறுத்த வேண்டும். லீக் உள்ள ஏசியில் பம்ப் டவுன் செய்யாதீர்கள். காற்று உள்ளே இழுக்கப்பட்டு எண்ணெயோடு சேர்ந்து அழுந்தினால் கம்ப்ரசர் வெடிக்கும். வெடித்துத் தொழிலாளிகள் இறந்திருக்கிறார்கள்.

நைட்ரஜன் டெஸ்ட்

ஓட்டை தேட உலர்ந்த நைட்ரஜன்தான், ரெகுலேட்டரோடு. ஆக்சிஜனைத் தொடவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். முதலில் 50 பி.எஸ்.ஐ., பிறகு 150, பிறகு மெதுவாக 400 வரை. தகட்டில் அதற்குக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த அளவோடு நிறுத்துங்கள். சோப்பு நுரையை ஃப்ளேர் நட், வால்வு பின், வெல்டு வைத்த இடம் எல்லாவற்றிலும் தடவுங்கள். பொறுமையாகப் பாருங்கள். பெரிய ஓட்டை குமிழாக ஊதும். சின்ன ஓட்டை இரண்டு நிமிடம் கழித்து வெள்ளைப் பொடி நுரையாக, கடுகு மாதிரி திரளும்.

ஃப்ளேர் லீக் என்றால் நட்டை இன்னும் முறுக்கி அடைக்கப் பார்க்காதீர்கள். வெட்டி, பிசிறு எடுத்து, புதிதாக ஃப்ளேர் வையுங்கள். கால் அங்குல பைப்புக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், மூன்றே எட்டு அங்குலத்துக்கு 34 முதல் 42, அரை அங்குலத்துக்கு 49 முதல் 61 என்பது வழக்கமான முறுக்கு. டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்குங்கள். வெல்டு வைக்க வேண்டுமென்றால் உள்ளே ஆர் 32 சொட்டும் இல்லாமல் நைட்ரஜனால் துரத்திவிட்டு, மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தோடு வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே கருப்பாகச் செம்பு ஆக்சைடு படியும்.

பிறகு பிரஷரை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மதியம் 25 டிகிரியில் 400 பி.எஸ்.ஐ. நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று மணிக்கு மூடுபனி ஏறி 10 டிகிரிக்கு வந்துவிட்டது. முள் 380-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஒரு பொட்டு லீக்கும் கிடையாது, நைட்ரஜன் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பிரஷர் எழுதும்போது பக்கத்திலேயே வெப்பத்தையும் எழுதுங்கள். 15 டிகிரி இறக்கத்துக்கு 20 பி.எஸ்.ஐ. போகும் என்று மனதில் வையுங்கள். அதற்கு மேல் போனால் மறுபடி சோப்பு.

வேக்கம்

ஊட்டியில் புதுப் பையன்கள் தடுமாறும் இடம் இதுதான். அழுத்தம், வேக்கம் இரண்டையும் காட்டும் காம்பவுண்ட் கேஜில் வேக்கம் 30 அங்குலம் வரை கோடு போட்டிருக்கும். மேட்டுப்பாளையத்தில் முள் 29-ஐ ஒட்டிப் போகும். அதே பம்பு, அதே கேஜ், கூடலூரில் 26 சொச்சத்தில் நிற்கும், குன்னூரில் 24-ல், ஊட்டியில் 23-ல். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அதற்கு மேல் போகாது. வெளியே இருக்கும் காற்றே அவ்வளவுதான் அழுத்துகிறது. முள் 30-க்கு வரவில்லை என்று இரண்டு பம்பு மாற்றியவர்கள் உண்டு. 23-க்கு வந்ததும் முழு வேக்கம் என்று நிறுத்தியவர்களும் உண்டு. இரண்டும் தவறு. முள் 23-ல் நிற்கும்போது உள்ளே 1,000 மைக்ரானும் (மிச்ச அழுத்தத்தின் நுண்ணிய அளவு, குறைந்தால் நல்லது) இருக்கலாம், 10,000 மைக்ரானும் இருக்கலாம். முள்ளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மைக்ரான் மீட்டர் வாங்குங்கள். அது உண்மையான அழுத்தத்தை அளக்கும். தொட்டபெட்டா உச்சியில் வைத்தாலும் அடிவாரத்தில் வைத்தாலும் ஒரே எண். அதைப் பம்புப் பக்கம் மாட்டாமல் ஏசிப் பக்கம் மாட்டுங்கள். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி, பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் பாருங்கள். 1,000-க்குள் நின்றால் சரி. ஏறி ஓர் இடத்தில் நின்றால் ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை.

ஈரம்தான் நம் ஊரில் பெரிய எதிரி. ஆர் 32, ஆர் 410ஏ ஏசிகளின் கம்ப்ரசரில் உள்ள பி.ஓ.இ. எண்ணெய் ஈரத்தைக் குடிக்கும். மூடுபனியில் பைப் வாயைத் திறந்துபோட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மூடியோ டேப்போ போடுங்கள். குளிரில் ஈரம் வெளியேறவும் மறுக்கும். 25 டிகிரியில் 23,800 மைக்ரானிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும், 10 டிகிரியில் 9,200-க்குக் கீழே போனால்தான். பம்பு எண்ணெயும் கெட்டியாகி இழுவை குறையும். ஆகவே கோவையில் அரை மணி நேரம் போட்ட வேக்கம் இங்கே ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். பம்பில் புது எண்ணெய் ஊற்றுங்கள். இறங்க மறுத்தால் வேக்கத்தை நைட்ரஜனால் உடைத்து மறுபடி போடுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பாலும் காய்ந்துவிடும். சாயங்காலத்துக்குள் முடியாது என்று தெரிந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

எடை போட்டு ஏற்றுவது

அவுட்டோர் தகட்டில் கேஸ் பெயரும் கிராம் அளவும் இருக்கும். அந்த அளவு ஒரு குறிப்பிட்ட பைப் நீளத்துக்கானது. எத்தனை மீட்டர் என்பதும், அதற்கு மேல் மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதும் இன்ஸ்டலேஷன் புத்தகத்தில் இருக்கும். சரிவில் கட்டிய வீடுகளில் அவுட்டோரைக் கீழ் மட்டத்தில் வைப்பார்கள். பைப் எளிதாகப் பத்து மீட்டரைத் தாண்டும். டேப் பிடித்து அளந்து கணக்குப் போடுங்கள். உதாரணமாக 800 கிராம் 5 மீட்டருக்கு, கூடுதல் மீட்டருக்கு 20 கிராம் என்றால், 11 மீட்டருக்கு 920 கிராம்.

சிலிண்டரைத் தராசில் வைத்து, ஹோஸில் உள்ள காற்றைத் துளி கேஸ் விட்டு வெளியேற்றி, தராசைச் சைபராக்கி, வால்வைத் திறங்கள். வேக்கத்தில் இருக்கும் ஏசி தானே இழுக்கும். ஆர் 410ஏ இரண்டு கேஸ் கலந்தது, திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆவியாக ஏற்றினால் கலவை மாறிப்போகும். ஆர் 32-ம் ஆர் 22-ம் ஒற்றைக் கேஸ்கள், திரவமாகவும் ஏற்றலாம், ஆவியாகவும் ஏற்றலாம். ஆனால் ஓடும் கம்ப்ரசருக்குள் திரவத்தை மடமடவென்று விடாதீர்கள்.

காலை நேரத்தில் சிலிண்டரும் குளிர்ந்திருக்கும், கேஸ் பாதியில் நின்றுவிடும். ஒரு பக்கெட்டில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரிக்குள், அதில் சிலிண்டரின் அடியை வையுங்கள். எடை பார்க்கும்போது வெளியே எடுத்துத் துடைத்துத் தராசில் வையுங்கள். டார்ச் காட்டிச் சூடாக்குவது உயிரோடு விளையாடுவது.

புது ஏசியில் அவுட்டோருக்குள்ளேயே கேஸ் இருக்கும். நைட்ரஜன் டெஸ்ட், வேக்கம் முடித்து, கூடுதல் பைப்புக்கான கேஸை மட்டும் ஏற்றி, ஆலன் கீ வைத்து முதலில் மெல்லிய பைப் வால்வையும் பிறகு தடித்ததையும் முழுதாகத் திறங்கள்.

ஏற்றியபின் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் கூலிங்கில் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்லது. முள்ளைப் பார்க்கலாம், ஆனால் அதைத் திருப்திப்படுத்த ஒரு கிராம்கூடச் சேர்க்காதீர்கள்.

ஹீட்டிங்கில் ஓடும்போது

வீட்டு ஏசியில் சர்வீஸ் போர்ட் ஒன்றுதான், தடித்த பைப்பில். கூலிங்கில் அது குறைந்த அழுத்தப் பக்கம். ஹீட்டிங்குக்கு மாற்றியதும் அதே போர்ட்டில் கம்ப்ரசர் அழுத்தித் தள்ளும் டிஸ்சார்ஜ் கேஸ் வருகிறது, ஆர் 32-ல் 350 முதல் 400 பி.எஸ்.ஐ. வரை. பழைய ஆர் 22 நீலக் கேஜ் அதைத் தாங்காது. ஹோஸைக் கழற்றும்போது சூடான கேஸ் கையில் பீய்ச்சும். ஹீட்டிங்கில் ஓடும் ஏசியில் கேஜ் மாட்டவோ கழற்றவோ செய்யாதீர்கள். நிறுத்தி, அழுத்தம் சமமாகும்வரை இருங்கள். கையுறையும் கண்ணாடியும் எப்போதும் வேண்டும்.

இன்னொன்று, வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியது. தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் இரவுகளில் அவுட்டோர் காயிலில் பனி பிடிக்கும். ஏசி தானே சில நிமிடம் திருப்பி ஓடி அதைக் கரைக்கும். அப்போது அறைக்குள் சூடு நிற்கும், வெளியே வெள்ளையாக ஆவி எழும். தீப்பிடித்துவிட்டது என்று இரவு பதினொரு மணிக்கு எனக்கு போன் வந்திருக்கிறது. டிஃப்ராஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களும் பயப்பட மாட்டார்கள்.

கிளம்பும் முன் வால்வு மூடிகளைப் போட்டு முறுக்கி, ஒவ்வொன்றிலும் கடைசியாக ஒருமுறை சோப்பு தடவுங்கள். பிறகு அவுட்டோர் மூடியின் உள்பக்கம் அழியாத மார்க்கரில் எழுதுங்கள்: தேதி, கேஸ் பெயர், பைப் நீளம், மொத்தம் எத்தனை கிராம், வேக்கம் எத்தனை மைக்ரானில் நின்றது, அன்று வெளியே எத்தனை டிகிரி. அடுத்து அந்த மூடியைத் திறப்பது நீங்களாகவும் இருக்கலாம், வேறு பையனாகவும் இருக்கலாம்.